தட்டிக்கு இந்தப்புறம்

வெள்ளிக்கிழமை நாலாவது பீரியட்
நான்காம் வகுப்பு இரண்டாக வகுபடும்.
முப்பத்தொரு பேரில்
பதினான்கு பேர் மறைக்கல்விக்கு,
மீதி நன்னெறிக்கு.
பலகைத் தட்டிக்கு அந்தப்புறம் சிஸ்டர் பிலோமின்,
இந்தப்புறம் நான்.

இடுப்பளவு வரை பலகை,
அதற்கு மேலே பழைய காலண்டர் அட்டை,
அதற்கும் மேலே ஒன்றுமில்லை.
அதனால் அங்கே சொல்லும் செபம்
இங்கே பாதிப் பேருக்கு மனப்பாடம்.
இங்கே சொல்லும் நரிக் கதைக்கு
அங்கிருந்து சிரிப்பு வரும்.
போன மாதம் பங்குச் சாமியார் வந்து
பத்துக் கட்டளையில் நாலாவது எது என்று கேட்டபோது
தட்டியின் தப்பான பக்கத்திலிருந்து
ஒச்சப்பன் பதில் சொல்லிவிட்டான்.
சாமியார் ரசித்துச் சிரித்தார்.
மிட்டாய் மட்டும் அந்தப்பக்கமே நின்றுவிட்டது.

இப்போது தவக்காலம்.
தின்பண்டம் தின்னாமல் மிச்சம் பிடித்த காசை
நோயாளிகளுக்குக் கொடுக்க
ஆளுக்கொரு அட்டை உண்டியல் கொடுத்திருந்தோம்.
கொடுத்தது பதினான்கு.
திரும்பி வந்தது பத்தொன்பது.
ஒன்று பால்பவுடர் டப்பா,
ஒன்று தீப்பெட்டிப் பண்டல் அட்டை,
சாணித்தாள் ஒட்டி, நடுவில் கோணலாக ஒரு சிலுவை,
அதன் அடியில், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு வேல்.

அன்றைக்கு நாகமலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.
உசிலம்பட்டி பஸ் ஹாரன் அடித்துப் போனது.
சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதித்தது.
பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு
வருகைப் பதிவு ஏறாமல் செல்போனில் சுற்றும் வட்டத்தை
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப்புறம் சிஸ்டர் நூறு ஆட்டுக் கதை சொன்னார்.
தொலைந்தது ஒன்று.
மேய்ப்பர் என்ன செய்தார் தெரியுமா,
தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு...

"ஆருகிட்ட விட்டுட்டு?"

மாயஸ்ரீ எழுந்து நின்றிருந்தாள், கையில் பச்சை க்ரையானோடு.
அவள் அப்பா கிடை போடுகிறவர்.
அறுப்பு முடிந்தால் வாடிப்பட்டி வயல்கள் வரை
ஆடு பத்திப் போகிறவர்.

"என்னம்மா?"

"தொண்ணூத்தொம்பதையும் ஆருகிட்ட விட்டாரு சிஸ்டர்?
நரி வராதா? களவு போகாதா?
குட்டி போடுற ஆடு கிடந்தா?
எங்கப்பா தேடிப் போனா எங்கம்மா இருக்கும்.
அம்மாவும் போனா நான் இருப்பேன்.
அன்னைக்கு லீவு."

ஜனவரியில் ஆறு நாள், பிப்ரவரியில் நாலு.
எல்லாவற்றுக்கும் காரணம்
'உடல்நலமின்மை' என்று போட்டு வைத்திருந்தேன்.
அவளுக்கு ஒருநாளும் மூக்குக்கூட ஒழுகியதில்லை.

ஸ்டூல் இழுபடும் சத்தம்.
தட்டிக்கு மேலே வெள்ளை முக்காடு முளைத்தது.
"கதையில அது இல்லையே" என்றார் சிஸ்டர்,
கொஞ்சம் யோசித்து,
"ஆனா யாராச்சும் இருந்திருக்கணும்."

"ஒரு புள்ள இருந்திருக்கும்" என்று சொல்லி
மாயஸ்ரீ உட்கார்ந்து
விட்ட இடத்திலிருந்து புல்லுக்குப் பச்சை அடித்தாள்.

அதற்குப் பிறகு பாடம் எங்கே நடந்தது?
அந்தப் பிள்ளைக்குப் பேர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.
சவரியம்மாள் என்றது ஒரு குரல்,
இல்லை, பையன் என்றது இன்னொன்று.
வெளிச்சத்துக்கு டார்ச் இருந்ததா,
தூங்கிவிட்டால் யார் எழுப்புவது?
ஒச்சப்பனுக்கு ஒரே கவலை:
"ராத்திரி அதுக்குச் சோறு ஆரு கொண்டாந்தா?"
யாருக்கும் தெரியவில்லை.
பெல் அடித்தது. தட்டுகள் கலகலத்தன.
சாப்பாட்டு வரிசையில்
எந்தப் பதினான்கு, எந்தப் பதினேழு என்று
எனக்கே பிரிக்கத் தெரியவில்லை,
ஒரே புழுதி.

திங்கட்கிழமை மாயஸ்ரீ வரவில்லை.
செல்போன் காரணம் கேட்டது.
கட்டத்தை அப்படியே விட்டு வைத்தேன்.
எங்கேயோ ஓர் ஆடு தொலைந்திருக்கிறது.

செவ்வாயும் வரவில்லை.
ஐந்தாம் வகுப்புக்கு லாசகு போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர்
சாக்பீசும் கையுமாக
ஸ்டூல் மேல் ஏறி எட்டிப் பார்த்தார்.

"கிடைச்சுதாமா டீச்சர்?"